கடைக் கணக்கு பிழைக்கும்போது

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போனால் அக்குறணை வந்துவிடும். கண்டி நகரிலிருந்து 10 கிலோமீற்றர் அளவுதான். வீதியின் இரு பக்கமும் கடைகள், ஊரை ஒட்டி ஓடும் பிங்கா ஓயா, மலைச்சரிவில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், இடையிடையே பள்ளிவாசல்கள். வியாபாரத்தால் வளர்ந்த ஊர் இது. இங்கே பிறந்தவர்களின் கடைகள் நாட்டின் பல நகரங்களில் இருக்கின்றன. பத்து வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக் கடைக்குப் போனவர், எழுபது வயதிலும் காலையில் ஒருமுறை கடைப்பக்கம் போய் வராவிட்டால் சோறு இறங்காது என்பார்.

இப்படியான ஊரில் மறதிநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் காசு லாச்சியில்தான் தெரியும். ஐயாயிரம் ரூபாத் தாளுக்கு மீதி கொடுக்கும்போது கை தயங்கும். சாமான் போட்டவருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை காசு போகும். காசோலைத் திகதி மறக்கும். கடன் கொப்பியில் எழுதிய பெயர் யாருடையது என்று தெரியாமல் போகும். ஆனால், 1970களில் சீனி என்ன விலைக்கு விற்றது, எந்த முதலாளி எந்த வருடம் கடையை மூடினார் என்பதெல்லாம் பிசகாமல் வரும். அதனால் பிள்ளைகள் கவலைப்படுவதில்லை. “வாப்பாக்கு வயசு போயிட்டு, அப்படித்தான்” என்று சொல்லிக் கணக்கைத் தம் கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அத்துடன் விஷயம் முடிந்துவிடும். உண்மையில் அங்கேதான் அது தொடங்குகிறது.

காசுக் கணக்கு ஏன் முதலில் பிழைக்கிறது? மீதி கொடுப்பது நமக்கு எளிதாகத் தெரிகிறது. மூளைக்கு அது பெரிய வேலை. வாங்கிய தாளின் பெறுமதியை மனதில் பிடித்துக்கொண்டே விலையைக் கழிக்க வேண்டும். நடுவில் இன்னொருவர் ஏதாவது கேட்டால் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையும் நினைவைப் பதியும் பகுதிகளும் ஒரே நேரத்தில் உழைத்தால்தான் இது நடக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் பிழை வெளியே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 80,000க்கும் மேற்பட்ட முதியவர்களின் கடன் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மறதிநோய் என்று பின்னாளில் கண்டறியப்பட்டவர்கள், அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கட்டணங்களைக் கட்டத் தவறியிருந்தார்கள். வைத்தியர் சொல்வதற்கு 6 ஆண்டுகள் முன்பே பணம் சொல்லிவிட்டது. வியாபாரக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மற்றவர்கள் காணத் தவறுவதை இவர்கள் கணக்குக் கொப்பியிலேயே காணலாம், அது நோயாக இருக்கலாம் என்ற எண்ணம் இருந்தால்.

இலங்கையில் மறதிநோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று முதலில் முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் எச். ஏ. டி சில்வாவின் ஆய்வுக் குழு முக்கியமானது. ராகமைப் பகுதியில் 65 வயதைத் தாண்டிய 703 பேரைப் பரிசோதித்து, நூற்றுக்கு 3.98 பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2003இல் வெளியிட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இருந்தது அல்சைமர் நோய். அந்த விகிதம் அக்குறணைக்கும் பொருந்துமென்றால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும் 65 வயதுக்கு மேற்பட்ட இருபத்தைந்து பேரில் ஒருவர். வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். 65க்குப் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு 5 வயதுக்கும் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்போதே நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். அதற்குப் பிறகு நாடு இன்னும் வேகமாக முதுமையடைந்து வருகிறது. உலகம் முழுவதும் 2021இல் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முதுமை வேறு, இந்த நோய் வேறு என்பதை மருத்துவம் புரிந்துகொள்ளவே நெடுங்காலம் ஆயிற்று. 1901இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர வைத்தியசாலைக்கு ஆகுஸ்ட டீட்டர் என்ற 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். கணவன்மீது காரணமில்லாத சந்தேகம், எதை எங்கே வைத்தோம் என்று தெரியாத தடுமாற்றம். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் மறந்துவிடுவார். 1906இல் அவர் இறந்த பிறகு, அலோயிஸ் அல்சைமர் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். படிவுகள் அமிலாய்ட் என்ற புரதம் என்பதும், இழைகள் டௌ என்ற புரதம் என்பதும் பிற்பாடு தெரிந்தது. 51 வயதில் வந்ததால்தான் அதை நோய் என்று பார்த்தார்கள். அதே தடுமாற்றம் 75 வயதில் வந்தால் அது முதுமைதான் என்று அதன் பிறகும் பல பத்தாண்டுகள் விட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் இன்றும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அமிலாய்ட் படியத் தொடங்குவது முதல் மறதி தென்படுவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே. 72 வயதில் கணக்குப் பிழைத்தவரின் மூளையில், 52 வயதில் அவர் கடையை உற்சாகமாக நடத்திக்கொண்டிருந்தபோதே வேலை தொடங்கிவிட்டது. முதலில் சேதமடையும் இடங்களில் ஒன்று, காதுக்கு நேர் உள்ளே, கடற்குதிரை வடிவில் வளைந்திருக்கும் ஹிப்போகம்பஸும் அதன் வாசலிலுள்ள திசுவும். புதிதாக நடந்ததைப் பதிந்து வைப்பது இந்தப் பகுதிதான். அது பழுதானால் காலையில் சாப்பிட்டது பதியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதிந்தது எளிதில் அழியாது, ஏனென்றால் அது எப்போதோ மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி நிலைத்துவிட்டது. பழைய கதைகள் பிசகாமல் வருவதும், அதைக் கேட்டுப் பிள்ளைகள் ஏமாந்துபோவதும் இதனால்தான்.

பள்ளிக்குப் போகும் ஒரு பெரியவரைக் கவனித்தால் நினைவின் இரண்டு வகைகளை அருகருகே பார்க்கலாம். ஐந்து வயதில் ஓதிப் பழகிய ஸூராக்கள் அவர் நாவில் தடங்கலின்றி வரும். ஆனால் தொழுதது மூன்று ரக்அத்தா நான்கா என்பது தெரியாது. லுஹர் தொழுது வீட்டுக்கு வந்தவர், பத்து நிமிடத்தில் மீண்டும் வுழூச் செய்யப் போவார். ஓதுதல், குனிதல், ஸுஜூது ஆகியவை பழக்கத்தால் ஊறிய நினைவு. அவற்றைக் காப்பவை மூளையின் வேறு பகுதிகள். நோய் அங்கே கடைசியில்தான் போய்ச் சேரும். ரக்அத்தை எண்ணுவதற்கோ சற்று முன் நடந்ததைப் பிடித்துவைத்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த சத்திரசிகிச்சையில் அவருடைய ஹிப்போகம்பஸின் பெரும் பகுதியை இரு பக்கத்திலும் அகற்றினார்கள். அதன் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால், கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையச் சொல்லி உளவியலாளர் பிரெண்டா மில்னர் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை திருந்தியது. முந்திய நாள் வரைந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. கை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது.

அதனால்தான் மறதிநோய் வந்தவரை ஜமாஅத்திலிருந்து விலக்காதீர்கள் என்று சொல்கிறேன். தனியே தொழும்போது எண்ணிக்கையில் தடுமாறுபவர், ஜமாஅத்தில் நின்றால் தடுமாற வேண்டியதில்லை. எண்ணிக்கையை இமாம் வைத்திருக்கிறார், பக்கத்தில் நிற்பவரின் உடல் எப்போது குனிய வேண்டும் என்று காட்டுகிறது. அவர் மூளை இழந்ததை அந்த வரிசை அவருக்காகச் செய்துவிடுகிறது. வெளியே வரும்போது வேறொருவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார். அதற்குக் கோபித்துக்கொள்ளும் ஒருவராலேயே அவர் அடுத்த நாள் வராமல் போய்விடக்கூடும். அறிவு தெளிவில்லாதவர்மீது கடமை இல்லை என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை. தொழுகை தவறிவிட்டதென்று அழும் ஒரு பெரியவருக்கும், அவரை நோன்பு பிடிக்க வைப்பதா வேண்டாமா என்று குழம்பும் பிள்ளைகளுக்கும் மௌலவிமார் மிம்பரிலிருந்து இதைத் தெளிவாகச் சொன்னால் பல வீடுகளில் பாரம் இறங்கும்.

நோன்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா மறதியும் மறதிநோய் இல்லை. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர், மருந்தளவை மாற்றாமல் நோன்பு பிடித்து, அஸருக்குப் பிறகு பிதற்றத் தொடங்கினால் அது இரத்தத்தில் சீனி குறைந்ததன் அடையாளம். உடனே இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த உம்மா இன்று ஆளைத் தெரியாமல் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், நியூமோனியாவாக இருக்கலாம். படியில் விழுந்து ஓரிரு வாரத்தில் வரும் குழப்பம், மண்டைக்குள் இரத்தம் தேங்கியதால் இருக்கலாம். தைராய்ட் சுரப்பு குறைவது, விட்டமின் பி12 குறைவது, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, ஒவ்வொரு டொக்டரும் எழுதிக் கொடுத்துச் சேர்ந்துபோன பல மாத்திரைகள் என்று திருத்தக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். மணிக்கணக்கில் வருவது வேறு, அதற்கு அன்றே வைத்தியசாலை போக வேண்டும். “வயசு போனா அப்படித்தான்” என்ற ஒரு வசனத்தால், குணப்படுத்தக்கூடியதைக் குணப்படுத்தாமல் விட்ட வீடுகள் இருப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

மெல்ல வந்த மறதியானால், முதலில் அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ குடும்ப டொக்டரிடமோ காட்டி, இரத்தப் பரிசோதனைகளைச் செய்து, அங்கிருந்து கடிதத்துடன் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ போகலாம். போகும்போது என்னென்ன மாறியது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்கு முன்னால் பெரியவர் பத்து நிமிடம் மிக அழகாகப் பேசிவிடுவார். அந்தத் தாள் இல்லாவிட்டால் உண்மை தெரியாது. டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சிறிது காலம் கைகொடுக்கும். அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 18 மாதச் சோதனையில் அது சரிவின் வேகத்தை 27 வீதம் குறைத்தது. நின்றுபோகச் செய்யவில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் வரும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊசிக்காகக் காத்திருப்பதைவிடக் கையிலிருக்கும் வேறு விஷயங்கள் இன்றைக்கு அதிகம் செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த விஷயங்களில் முதலாவது பிரஷர். மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவை தலைமயிரைவிட மெல்லிய குழாய்கள். உயர் இரத்த அழுத்தமும் சீனியும் இருபது ஆண்டுகள் அந்தக் குழாய்களைத் தடிக்கச் செய்கின்றன. சில இடங்களில் சத்தமில்லாமல் சிறு சிறு பக்கவாதங்கள் நடக்கின்றன. ஆள் அறியமாட்டார். சீனாவின் 326 கிராமங்களில், 40 வயதைத் தாண்டிய, பிரஷர் கட்டுப்படாத 33,995 பேரை வைத்து நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2025இல் வந்தது. பாதிக் கிராமங்களில், பெரிய வைத்தியர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணியாளர்களே பிரஷரை அளந்து, மருந்தின் அளவைக் கூட்டி, வீட்டில் அளக்கும் கருவி கொடுத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். 4 ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் மறதிநோய் 15 வீதம் குறைந்தது. அவர்கள் பாவித்தவை சாதாரணமான, மலிவான மாத்திரைகள்தான். சிறப்பு வைத்தியர் இல்லாத ஓர் ஊர் தன் முதியவர்களின் மூளையைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரத்தை நான் படித்ததில்லை.

இலங்கையில் இதற்கு வேண்டிய அமைப்பு ஏற்கனவே இருக்கிறது. 2011 முதல் அரச வைத்தியசாலைகளோடு சேர்த்து ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் தொடங்கப்பட்டன. பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கே போகாதவர்கள் யார் என்று பார்த்தால், நாற்பது ஐம்பது வயது ஆண்கள். அவர்கள் கடையில் இருக்கிறார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை கதிரையில் இருப்பது, வரும் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு பிளேன்டி, அதனோடு சீனி, மத்தியானம் தாமதமான பெரிய சாப்பாடு, சிலருக்குச் சிகரெட். 2005-2006இல் நடந்த நாடளாவிய ஆய்வில், 20 வயதைத் தாண்டிய இலங்கையரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. கடைக்காரர் நிலையத்துக்கு வரமாட்டாரென்றால் பிரஷர் பார்க்கும் கருவி கடைவீதிக்கு வரட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பள்ளி நிர்வாகங்களும் வர்த்தகர்களும் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கலையும் அந்த அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவரின் பிரஷரை அளந்துவிடலாம்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைச் சொன்னது. அவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால், உலகின் மறதிநோயில் 45 வீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புகை, உடற்பருமன், அசையாமை எல்லாம் நாம் எதிர்பார்ப்பவை. நாம் எதிர்பார்க்காத ஒன்று காது. நடுவயதில் காது மந்தமாவது பட்டியலின் மேற்பகுதியில் இருக்கிறது. கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேருக்கு 3 ஆண்டுகள் செய்த பரிசோதனையில், காது கேட்கும் கருவியால் எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் அறிவுத்திறன் சரியும் வேகம் 48 வீதம் குறைந்தது. வீட்டில் “உம்மாக்குக் காது கேக்காது, சொல்லிப் பிரயோசனமில்ல” என்று பேச்சிலிருந்து விலக்கப்படும் பெரியவருக்கு, அந்த விலக்கலே நோயை விரைவாக்கலாம். கண் புரைக்கும் இதே கதைதான்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆண்களுக்குப் பள்ளியும் கடையும் ஐந்து வேளை நடையாவது தருகின்றன. ஐம்பதைத் தாண்டிய பல பெண்களுக்கு அடுப்படியும் முன்விறாந்தையும்தான் உலகம். முழங்கால் நோவு வந்துவிட்டால் அதுவும் சுருங்கும். ஸுபஹுக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து ஒழுங்கையில் நடக்கத் தொடங்கினால், மலைச்சரிவு ஊரில் அது நல்ல உடற்பயிற்சி, அதோடு பேச்சுத்துணையும் கிடைக்கும்.

அக்குறணைக்குச் சாதகமான ஒன்றும் ஆய்வுகளில் உண்டு. ஹைதராபாத்தில் நரம்பியல் வைத்தியர் சுவர்ணா அல்லாடியின் குழு, மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதித்து வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் தமிழும் கடையில் சிங்களமும் பேசி, ஒரு மொழியை அடக்கி மறு மொழியை எடுக்கும் வேலையை ஒரு நாளில் நூறு தடவை செய்யும் இந்த ஊர் மக்களின் மூளை, அறியாமலே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பயிற்சி கடையை விட்டு வந்தவுடன் நின்றுவிடக்கூடாது.

இனி, நோய் வந்துவிட்ட வீட்டுக்கு வருவோம். முதலில் வெடிப்பது காசுப் பிரச்சினைதான். “அலுமாரியில வெச்ச காசக் காணல்ல. மருமகள்தான் எடுத்திருக்கா.” இந்த ஒரு வசனத்தால் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. காசை எடுத்து வேறிடத்தில் மறைத்து வைத்தது நோய் வந்தவர்தான். மறைத்தது மூளையில் பதியவில்லை. ஆனால் மூளை வெற்றிடத்தைப் பொறுக்காது, காரணம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அந்தக் காரணத்தில் கள்ளனாவது எப்போதும் அருகிலிருப்பவர்தான், அதாவது பார்த்துப் பார்த்துச் செய்பவர். கணவன்மீது ஆகுஸ்ட டீட்டர் கொண்ட சந்தேகமும் இதே நோயின் வேலை. வழக்குப் பேசி வெல்ல முடியாது. “வாங்க மாமா, சேர்ந்து தேடுவோம்” என்று அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களில் தேடிப் பார்ப்பதே வழி. சட்டைப் பையில் சின்னத் தாள்கள் கொஞ்சம் எப்போதும் இருக்கட்டும். வாழ்நாளெல்லாம் காசைக் கையாண்டவருக்கு வெறும் பை தாங்க முடியாத அவமானம். அந்த மருமகளுக்குப் பக்கத்தில் மகன்மார் நின்று, “இது வாப்பா சொல்றதில்ல, வருத்தம் சொல்றது” என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

நோய் முற்றுவதற்கு முன், அவர் தெளிவாக இருக்கும்போதே, காணி உறுதி, கடை, கொடுக்கல் வாங்கல், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சட்டத்தரணி ஒருவரை வைத்து ஒழுங்குபடுத்திவிடுவது நல்லது. தெளிவு போன பிறகு வாங்கிய கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம், சகோதரங்களுக்கிடையில் பகையாகவும் மாறலாம். நோயை மறைத்து வைக்கும் குடும்பங்கள் இந்த அவகாசத்தைத்தான் இழக்கின்றன.

அடுத்தது வழி தவறுவது. ஹிப்போகம்பஸின் வாசலிலுள்ள அந்தத் திசுவில்தான், நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்கிடும் கலங்கள் இருக்கின்றன. அவற்றை 2005இல் கண்டுபிடித்த மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும், ஹிப்போகம்பஸின் இடக் கலங்களை முன்பே கண்டறிந்த ஜோன் ஓகீஃபும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது இந்த இடத்தில் என்பதால், அறுபது ஆண்டுகள் நடந்த ஒழுங்கையிலேயே ஒருவருக்கு வழி தப்பிவிடுகிறது. பத்து வருடங்களுக்கு முன் விற்ற கடையைத் திறக்க அதிகாலையில் புறப்படுவார். அக்குறணையில் இது சாதாரண ஆபத்தில்லை. ஓய்வில்லாமல் வாகனங்கள் ஓடும் ஏ9 வீதி ஒரு பக்கம், மழைக்குப் பெருகிக் கடைவீதிக்குள் ஏறும் பிங்கா ஓயா மறுபக்கம்.

ஜப்பான் 2005இல் தொடங்கிய ஓர் இயக்கத்தில் கடைக்காரர், வங்கி ஊழியர், பாடசாலை மாணவர் என்று சாதாரண மக்களுக்குச் சுமார் ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தி, செம்மஞ்சள் கைப்பட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். இன்று அந்த வகுப்பை முடித்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்கள் கற்றது சிலதுதான்: முன்னால் வந்து நின்று மெதுவாகப் பேசு, பின்னாலிருந்து கூப்பிடாதே, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேள், அவசரப்படுத்தாதே. அக்குறணைக்கு இதைவிட வசதி உண்டு. ஜனாஸா அறிவித்தலைச் சில நிமிடங்களில் மஹல்லா முழுவதற்கும் சொல்லும் பள்ளி ஒலிபெருக்கி, காணாமல் போன பெரியவரைப் பற்றியும் சொல்லலாம். ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்பவர்களுக்கும், பஸ் கண்டக்டர்களுக்கும், பாமசிக்காரர்களுக்கும் யாருடைய வாப்பா, எந்த வீடு என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டை, வீட்டிலுள்ளவர்களிடம் அண்மையில் எடுத்த படம், இவ்வளவும் இருந்தால் போதும். விற்ற கடைக்கு அவர் வந்துவிட்டால், இப்போதைய முதலாளி ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைத்து, வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுக்கலாம். “இது ஒங்கட கடையில்ல” என்று வாதாட வேண்டியதில்லை.

2020 மார்ச் இறுதியில் கோவிட் தொற்றால் அக்குறணை வெளியுலகிலிருந்து முடக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டிருந்தன, வெளியூரிலிருந்த பிள்ளைகளுக்கு வர வழியில்லை. பழக்கங்களின் தாங்குதலில் நாளைக் கடத்திக்கொண்டிருந்த முதியவர்களுக்கு அப்படியான வாரங்கள் என்ன செய்தன என்பதை உலகின் பல நாடுகளின் ஆய்வுகள் பதிந்துள்ளன: குழப்பம் கூடியது, தூக்கம் கெட்டது, பேச்சு குறைந்தது. அடுத்த வெள்ளமோ தொற்றோ வரும்போது தனித்திருக்கும் பெரியவர்களின் பட்டியல் ஒன்று கிராம உத்தியோகத்தரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் தயாராக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கிராமந்தோறும் முதியோர் குழுக்கள் அமைக்க இடமிருக்கிறது. அந்தக் குழுக்களுக்கு இது உகந்த வேலை.

இதையெல்லாம் சுமப்பது யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். சகோதரர்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வியாபாரத்தில் இருப்பார்கள், காசு அனுப்புவார்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் உம்மாவைத் திரும்பத் திரும்பப் படுக்க வைப்பது அவள்தான். இறந்துபோன தன் தாயைக் கேட்டு உம்மா அழும்போது “அவங்க மவுத்தாப் போய் நாப்பது வருசம்” என்று சொன்னால், உம்மாவுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிய மரணச் செய்தி. “உங்கட உம்மா நல்லா சமைப்பாங்களாமே, என்ன சமைப்பாங்க?” என்று அந்தத் தாயைப் பற்றியே பேசத் தொடங்கினால் அழுகை அடங்கும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழும்பில் 2001 முதல் இயங்கும் லங்கா அல்சைமர் மன்றம் இப்படியான குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எந்த நேரமும் அழைக்கலாம். ஆனால் அவளுக்கு முதலில் வேண்டியது பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஓர் ஆள்.

கோவாவில் 81 குடும்பங்களோடு நடத்தி 2008இல் வெளியான ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. மருத்துவப் படிப்பில்லாத உள்ளூரவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதிநோய் உள்ள வீடுகளுக்குத் தவறாமல் அனுப்பினார்கள். அவர்கள் நோயை விளக்கினார்கள், அன்றாடச் சிக்கல்களைச் சேர்ந்து யோசித்தார்கள், தேவைப்பட்டால் டொக்டரிடம் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனவேதனை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அக்குறணையில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் பழகிய குடும்ப நல உத்தியோகத்தர்கள் வழிகாட்ட இருக்கிறார்கள். மஹல்லாவுக்கு இரண்டு பேர் பயிற்சி பெற்று, வாரத்தில் ஒரு நாள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அந்த உம்மாவோடு உட்கார்ந்திருந்தால், மகளுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். இன்னொரு நாள் காலையிலும் ஒருவர் வந்தால் அவள் கிளினிக்குக்குப் போய்வரலாம். அவளுக்கும் நாற்பத்தெட்டு, ஐம்பது வயது ஆகிறது. தூக்கமில்லை, நடையில்லை, சாப்பாட்டுக்கு நேரமில்லை. உம்மாவின் மருந்துக்காக மாதாமாதம் போகும் அதே கிளினிக்கில், அவளுடைய பிரஷரையும் சீனியையும் யாராவது அளந்து எவ்வளவு காலமாகிறது என்று கேட்டு, அன்றே அளக்கச் செய்ய வேண்டும்.